தேர் இழுக்கும் கவர்னரும் தண்ணி இறைக்கும் கவர்னரும்



எங்க வீராம்பட்டினத்துல கவர்னர்னு சொன்னா ரெண்டு பேர் ஞாபகத்துக்கு வருவாங்க. ஒருத்தர் வருஷத்துக்கு ஒருநாள் வர்றவர். ஆடி மாசம் அஞ்சாவது வெள்ளிக்கிழமை செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரங்க காலத்துலேர்ந்து புதுச்சேரி கவர்னர் வந்து வடம் பிடிச்சு இழுக்குறது வழக்கம். இப்ப துணைநிலை ஆளுநர்னு எழுதுறாங்க, ஆனா ஊர்ல இன்னும் கவர்னர்தான். இன்னொருத்தர் ஆயில் இன்ஜினுக்குள்ள இருக்குறவர். ரெண்டு எடைக்கட்டி, ஒரு ஸ்ப்ரிங், ஒரு சின்ன லிவர், அவ்வளவுதான் அவர் உருவம். எந்த நேரத்துல எவ்வளவு டீசல் விடணும்னு முடிவு பண்றது அவர்தான். இன்னைக்கு நான் எழுதப் போறது இந்த ரெண்டாவது கவர்னரைப் பத்தி.

ஏன் இப்ப எழுதுறேன்னா, போன ஒரு வருஷத்துல எனக்குத் தெரிஞ்சே பாகூர் பக்கம் நாலு பேர் ஆயில் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. கேட்டா, "கரண்ட் மோட்டார் இருக்கே, இது எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு?" அப்படிங்கிறாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கு என் பதிலைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்த இரும்புக் கட்டிக்குள்ள என்ன வேலை நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. தெரிஞ்சா போட மனசு வராது.

எங்க ஊர் மீன்பிடி ஊரு. அரியாங்குப்பம் ஆறு கடல்ல கலக்குற பக்கம், அரிக்கமேட்டுக்குக் கூப்பிடு தூரம். எங்க வீடு மாதிரி சில வீடுகள்தான் விவசாயம். நிலம் பாகூர் பக்கம், ரெண்டு ஏக்கர் நஞ்சை. அதனால சின்ன வயசுலேர்ந்து ரெண்டு விதமான இன்ஜின் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். கரையில போட்டுல நீளத் தண்டு வச்ச டீசல் இன்ஜின், வயல்ல தண்ணி இறைக்கிற ஆயில் இன்ஜின். ரெண்டையும் பார்க்குறவர் ஒரே ஆள்தான். எல்லாரும் மேஸ்திரின்னு கூப்பிடுவோம். இப்ப வயசு எழுபதுக்கு மேல. நான் இங்க எழுதுற பாதி விஷயம் அவர்கிட்ட கேட்டது, மீதி நானா கணக்குப் போட்டுப் பார்த்தது.

காத்துதான் பெரிய தீனி

இன்ஜின் டீசல் குடிக்குதுன்னு சொல்றோம். உண்மையில அது குடிக்கிறதுல பெரும்பங்கு காத்துதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காத்து வேணும். டீசலுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். லிட்டர்ல சொன்னா, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காத்து. நாம பங்க்ல காசு கொடுக்குறது ஒரு பங்குக்கு, மீதியை வானம் ஓசியில கொடுக்குது.

எங்க கொட்டகையில இருக்குறது 5 குதிரைசக்தி, நிமிஷத்துக்கு 1,500 சுத்து சுத்துற "பீட்டர்" வகை இன்ஜின். சிலிண்டர் கொள்ளளவு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ங்கிறதால ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் காத்தை இழுக்கும். நிமிஷத்துக்கு 750 மூச்சு. கணக்குப் போட்டா மணிக்குச் சுமார் 20,000 லிட்டர் காத்து உள்ள போகுது. அதே ஒரு மணி நேரத்துல டீசல் செலவு ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரை 45,000 தடவையாப் பிரிச்சுக் கொடுக்கணும். ஒரு தடவைக்கு எவ்வளவு வருதுன்னா, ஒரு சொட்டுத் தண்ணியில பாதி கூட இல்ல.

பாதிச் சொட்டுக்கும் குறைவா, ஒவ்வொரு தடவையும் மாறாம, நிமிஷத்துக்கு 750 தடவை, ராத்திரி பகல்னு பார்க்காம அளந்து ஊத்தணும். இப்படி அளக்குற ஒரு தராசைப் பழைய இரும்பு விலைக்குக் கிலோ கணக்குல போடுறோம். நான் சொல்ல வர்றது இதான்.

பெட்ரோல்ல காத்துக்குக் கதவு, டீசல்ல கதவே இல்ல

நம்மாளுங்க நிறைய பேர் நினைக்கிறது, வண்டியில ஆக்சிலேட்டரை முறுக்குனா பெட்ரோல் அதிகமாப் போகுதுன்னு. கார்புரேட்டர் வச்ச பெட்ரோல் வண்டியில நாம திறக்குறது காத்துக்கான கதவை. காத்து வேகமா போகும்போது, அது போற வழியில ஒரு எடம் குறுகலா இருக்கும். குறுகல்ல காத்து வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்த எடத்துல ஒரு நுண்ணிய ஜெட் துவாரம் வச்சிருப்பாங்க. அழுத்தம் குறைஞ்சதால பெட்ரோல் தானா மேல ஏறி, காத்தோட பனி மாதிரி கலக்கும். கொசு மருந்து அடிக்க அந்தக் காலத்துல ஒரு ஃப்ளிட் பம்பு இருந்துச்சே, அதே தத்துவம். கார்புரேட்டர் அடியில ஒரு சின்னத் தொட்டி, அதுல ஒரு மிதவை. மாடியில தண்ணித் தொட்டி நிறைஞ்சா மிதவை எழும்பிக் குழாயை அடைக்கிற மாதிரி, இங்கேயும் பெட்ரோல் மட்டம் மாறாம பார்த்துக்கும். காலையில குளிர்ந்து கிடக்கும்போது சோக் இழுக்குறோமே, அது காத்தைக் கொஞ்சம் மறிச்சு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்குற வேலை.

டீசல் இன்ஜின்ல இந்தக் கதவு கிடையாது. பம்புசெட் இன்ஜினோட காத்து வாய் எப்பவும் திறந்தே இருக்கும். சும்மா ஓடினாலும் சரி, முழு பாரம் இழுத்தாலும் சரி, ஒவ்வொரு மூச்சும் முழு மூச்சுதான். அந்தக் காத்தைப் பதினாறு, பதினேழுல ஒரு பங்கா நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல சூடாகும். அதுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும், ஸ்பார்க் பிளக் வேண்டியதில்ல. ஆக, பெட்ரோல்ல காத்தை அடக்கி ஆள்றோம், டீசல்ல எண்ணெயை அடக்கி ஆள்றோம். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி ஒரு ஆபத்தைச் சொல்லும்போது தேவைப்படும்.

இதெல்லாம் ஒரே ஆள் ஒரே நாள்ல கண்டுபிடிச்சது இல்ல. 1893-ல ஹங்கேரியில பான்கி, சோங்கான்னு ரெண்டு பேரும், ஜெர்மனியில மேபாக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்துல இந்த மாதிரி கார்புரேட்டர் செஞ்சாங்க. ருடால்ஃப் டீசலோட இன்ஜின் 1897-ல ஒழுங்கா ஓடிச்சு. டீசல் பிறந்தது பாரிஸ்ல. 1900-ல அதே பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சியில, அவரு வகை இன்ஜின் ஒண்ணை மல்லாட்டை எண்ணெயில ஓட்டிக் காட்டியிருக்காங்க. அந்தக் காலத்துல நம்ம புதுச்சேரியிலேர்ந்து கப்பல் கப்பலா மார்செய்க்கு மல்லாட்டை போய்க்கிட்டு இருந்துச்சு. அந்த இன்ஜின் குடிச்ச எண்ணெய் எந்த ஊருதுன்னு யாரு கண்டா? நம்ம பக்கத்து மல்லாட்டையா இருந்தா நல்லாத்தான் இருக்கும்.

டீசலோட முதல் இன்ஜின்ல எண்ணெயைப் பீய்ச்ச அழுத்தக் காத்து வேணும். அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரஸர். அதனால இன்ஜின் பெரிய வீடு மாதிரி இருந்துச்சு. ஜெர்மனியில பாஷ் கம்பெனி 1927-ல எண்ணெயை நேரா அழுத்திப் பீய்ச்சுற பம்பைத் தொழிற்சாலையில போட்டுச் செய்ய ஆரம்பிச்ச பிறகு டீசல் இன்ஜின் லாரியிலயும் டிராக்டர்லயும் பரவலாச்சு. நம்ம நாட்டுல 1951-ல பெங்களூர்ல மைக்கோ ஆரம்பிச்சாங்க. பழைய ஆளுங்க இன்னைக்கும் "மைக்கோ பம்பு, மைக்கோ நாசில்"னுதான் கேட்டு வாங்குவாங்க. அந்தக் கம்பெனி பேர் 2008-ல பாஷ்னு மாறினது நிறைய மேஸ்திரிங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சும் ஆகப்போறது ஒண்ணுமில்ல.

அரைச் சொட்டை அளக்குறது எப்படி?

பம்புக்குள்ள ஒரு குழலும் அதுக்குள்ள ஏறி இறங்குற ஒரு தண்டும் இருக்கு. மேஸ்திரி ரெண்டையும் சேர்த்து "எலிமென்ட்"னு சொல்வார். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்து ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ரெண்டு மூணு பங்கு. தலைமுடியை நீளவாக்குல இருபதாப் பிளந்தா வர்ற தடிமன். அதுக்கு உள்ள ரப்பர் வாஷர் எதுவும் கிடையாது. இரும்பும் இரும்பும் அவ்வளவு நெருக்கமாப் பொருந்துறதாலதான் டீசல் கசியாம அழுத்தம் நிக்குது.

தண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே தூரம்தான் ஏறும். அப்ப அளவைக் கூட்டிக் குறைக்கிறது எப்படி? தண்டோட பக்கத்துல சாய்வா ஒரு காடி வெட்டியிருக்கும். தண்டு மேல ஏறும்போது அந்தக் காடி குழல்ல இருக்குற துவாரத்துக்கு நேரா வந்த உடனே அழுத்தம் விட்டுப்போய், மீதி டீசல் திரும்பிப் போயிடும். தண்டைக் கொஞ்சம் திருப்பினா சாய்வுக்காடி முன்னாடியோ பின்னாடியோ துவாரத்தைச் சந்திக்கும். படியை மாத்தாம, படியோட பக்கத்துல போட்ட ஓட்டையை மேல கீழ நகர்த்தினா நெல்லு எவ்வளவு நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே கதைதான்.

அளந்த டீசல் குழாய் வழியா நாசிலுக்குப் போகும். அங்க சுமார் 200 கிலோ அழுத்தம் வந்தாத்தான் ஊசி மேல எழும்பி வழி விடும். டிராக்டர் முன் டயருல நாம அடிக்கிறது ரெண்டு கிலோ சொச்சம். அதுக்கு நூறு மடங்கு. நாசில் டெஸ்ட் பண்ணும்போது யாரும் கையை முன்னாடி நீட்டக்கூடாதுன்னு மேஸ்திரி கத்துவார். தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளியில சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ள சதை அழுகும். அப்படி ஆனா வீட்டுல மஞ்சள் வச்சுக் கட்டாம உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும்.

கவர்னர் வேலை

இந்தத் தண்டைத் திருப்புறது யாரு? கவர்னர். இன்ஜின் சுத்தும்போது ரெண்டு எடைக்கட்டியும் ராட்டினத்துல உட்கார்ந்த பிள்ளைங்க மாதிரி வெளிய விரியப் பார்க்கும். ஸ்ப்ரிங் அதை உள்ள இழுக்கும். வேகம் கூடினா எடை விரிஞ்சு லிவரைத் தள்ளி டீசலைக் குறைக்கும். பாரம் ஏறி வேகம் குறைஞ்சா எடை சுருங்கும், ஸ்ப்ரிங் ஜெயிச்சு டீசலைக் கூட்டும். இந்த ரெண்டு பேர் இழுபறியிலதான் 1,500 சுத்து நிலைச்சு நிக்குது. 1788-ல ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினுக்குப் போட்டது இதே கருவிதான். அங்க நீராவிக் கதவை ஆட்டுச்சு, இங்க டீசல் தண்டைத் திருப்புது.

ராத்திரி தண்ணி பாய்ச்சினவங்களுக்கு இந்தக் கவர்னரோட பேச்சு நல்லாப் புரியும். கயித்துக் கட்டில்ல படுத்திருப்போம். இன்ஜின் "தடக் தடக்"னு பாரத்தோட பேசிக்கிட்டு இருக்கும். திடீர்னு சத்தம் லேசாகி, நடுவுல நடுவுல மூச்சு விடுற மாதிரி ஒரு இடைவெளி விழும். ஃபுட் வால்வு காத்து இழுத்துடுச்சு, கிணத்துல தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். பாரம் போனதும் கவர்னர் டீசலைச் சுருக்கிட்டார். எங்க அப்பா தூக்கத்துலயே அதைக் கேட்டு எழுந்துடுவார். இன்ஜின் கெடாம காப்பாத்துறதும் அந்தக் கவர்னர், எங்களை எழுப்பிவிட்டதும் அதே கவர்னர்.

அதிகாரம் எதுவரைக்கும்?

கவர்னருக்கு அதிகாரம் எதுவரைக்கும்ங்கிறது நம்ம புதுச்சேரியில கோர்ட்டு வரைக்கும் போன விஷயம். இன்ஜின் கவர்னருக்கும் ஒரு எல்லை இருக்கு. அதை நான் கண்ணால பார்த்தது 2012 ஜனவரியில.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறுச்சு. கம்பம் எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு. கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. கொட்டகையில தூங்கிக்கிட்டு இருந்த ஆயில் இன்ஜினெல்லாம் அப்பத்தான் வெளிய வந்துச்சு. எங்க மாமா தன்னோட இன்ஜினை ஒரு கடையில சர்வீசுக்கு விட்டு எடுத்துட்டு வந்தார். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்ச நேரம் நல்லா ஓடிச்சு. அப்பறம் சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. மாமா ஸ்டாப் லிவரை இழுத்தார். ஒண்ணும் ஆகல. புகைக்குழாய்ல நீலமும் வெள்ளையுமா புகை. ஃப்ளைவீல் சுத்துறது கண்ணுக்கே தெரியல, தரை அதிருது. பக்கத்துல தண்ணிக் குடத்தோட பொம்பளைங்க, பிள்ளைங்க. ஃப்ளைவீல் வெடிச்சா என்ன ஆகும்னு நினைக்கவே பயமா இருந்துச்சு.

மேஸ்திரி அங்கதான் இருந்தார். எல்லாரையும் ஃப்ளைவீலுக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல ஓடச் சொல்லிட்டு, தொட்டியில நனைஞ்சு கிடந்த சாக்கை எடுத்து மடிச்சு, ஒரு பலகையால ஏர் கிளீனர் வாய்ல வச்சு அழுத்தினார். நாலஞ்சு நொடிதான். இன்ஜின் திணறி நின்னுபோச்சு.

அப்பறம் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழட்டிக் காட்டினார். நம்ம இன்ஜின்ல ஏர் கிளீனர் அடியில ஆயில் இருக்கும். உள்ள வர்ற காத்து அந்த ஆயில் மேல மோதித் திரும்பும்போது தூசி ஆயில்ல ஒட்டிக்கும், சுத்தமான காத்து மேல போகும். கிண்ணத்துல ஒரு கோடு போட்டிருக்கும், அதுவரைக்கும்தான் ஆயில் ஊத்தணும். கடையில வேலை பார்த்தவங்க கோட்டுக்கு மேல ரெண்டு விரற்கடை ஊத்தி வச்சிருந்தாங்க. காத்தோட ஆயிலும் சிலிண்டருக்குள்ள போய், அதுவே எரிபொருளா எரிஞ்சிருக்கு. டீசலை அடைச்சாலும் இன்ஜினுக்குத் தீனி வேற வழியில வந்துக்கிட்டே இருக்கு.

"கவர்னர் அதிகாரம் டீசல் பைப்போட முடிஞ்சிடுது தம்பி. காத்து வழியா வர்ற திருட்டுச் சோத்தை அவரால தடுக்க முடியாது. அப்ப காத்தைத்தான் நிறுத்தணும்"னார் மேஸ்திரி.

இதை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சுக்குங்க. டீசல் இன்ஜின் கையை மீறி ஓடினா முதல்ல ஆளுங்களைத் தள்ளி நிறுத்துங்க. ஸ்டாப் லிவர் கேக்கலைன்னா காத்து வாயைப் பலகையாலயோ மொத்தமான ஈரச் சாக்காலயோ அடைங்க. வெறுங்கையை வைக்கவே வைக்காதீங்க, இழுத்துடும். மெல்லிசு துணியும் வேண்டாம், உள்ள போயிடும். டீகம்ப்ரஷன் லிவர் கைக்கு எட்டுற எடத்துல இருந்தா அதைத் தூக்கினாலும் நிக்கும், வால்வு அடிபட்டாலும் பரவாயில்ல. வால்வு கடையில கிடைக்கும்.

புகை சொல்ற சேதி

இன்ஜினுக்கு வாய் இல்ல, புகைதான் பேச்சு. கறுப்புப் புகை வந்தா டீசல் அதிகம், காத்து கம்மி. பாரம் அதிகமா இருக்கலாம், நாசில் ஒழுகலாம், ஏர் கிளீனர் அடைச்சிருக்கலாம். நம்மாளுங்க உடனே பம்பைக் கழட்டச் சொல்வாங்க. முதல்ல ஏர் கிளீனரைப் பாருங்க, அதுக்குச் செலவு இல்ல. வெள்ளைப் புகை வந்தா டீசல் எரியாம வெளிய வருது. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுது.

எங்க கடற்கரைப் பக்கம் ஏர் கிளீனருக்கு வேலை ரெட்டிப்பு. பொடி மணல், உப்புக்காத்து. அறுப்பு நேரத்துல கதிரடிக்கிற தூசி வேற. அந்த மணல்ல ஒரு சிட்டிகை உள்ள போனா லைனரையும் ரிங்கையும் உப்புக்காகிதம் மாதிரி தேய்ச்சிடும். அதனால தூசி நாள்ல தினமும் கிண்ணத்தைக் கழட்டி ஆயிலைப் பார்க்கணும். கஞ்சி மாதிரி கெட்டியாயிருந்தா மாத்தணும், கோட்டுக்கு மேல போகக்கூடாது.

புது வண்டியில கவர்னர் எங்க?

எங்க அண்ணன் மகன் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டர்ல வேலை பார்க்குறான். 2020 ஏப்ரல் 1-லேர்ந்து பி.எஸ்.6 வந்த பிறகு, நம்ம விவசாயிங்க புல்லுக்கட்டும் பால் கேனும் ஏத்துற டிவிஎஸ் எக்ஸ்எல் வரைக்கும் கார்புரேட்டர் போயி இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. ஜெட்டைக் கழட்டி வாயால ஊதினா வண்டி ஓடின காலம் முடிஞ்சுது. ஒருநாள் அவன் லேப்டாப் மாதிரி ஒரு கருவியைச் சொருகி மேஸ்திரிக்குக் காட்டினான்.

"தாத்தா, இது எவ்வளவு காத்து உள்ள வருதுன்னு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலை இத்தனை மில்லிசெகண்ட் திறன்னு உத்தரவு போடும். சைலன்சர்ல ஒரு சென்சார் இருக்கு. எரிஞ்ச புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்கான்னு பார்த்து, அடுத்த தடவை கூட்டலாமா குறைக்கலாமான்னு சொல்லும்."

மேஸ்திரி ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, "அப்ப இதுவும் கவர்னர்தான். எடைக்கட்டிக்குப் பதிலா கண்ணு வச்சிருக்கான்"னார். சரியாத்தான் சொன்னார்.

அந்தக் கண்ணுக்கு இப்ப ஒரு வேலை கூடியிருக்கு. பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். எத்தனாலுக்கு அதோட எடையைப் போல ஒன்பது பங்கு காத்து போதும். அதனால பழைய அளவுக்கு செட் பண்ணின கார்புரேட்டர்ல காத்து கொஞ்சம் மிஞ்சிப்போகும், இன்ஜின் சூடாகும், இழுவை குறையும். சென்சார் உள்ள வண்டி தானே சரிபண்ணிக்கும். நம்ம புல்வெட்டி, பவர் ஸ்ப்ரேயர், களையெடுக்கிற மெஷின் எல்லாம் இன்னும் கார்புரேட்டர்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டயாப்ரமைக் கெடுக்கும். அதனால ஒரு மாசத்துக்கு மேல வேலை இல்லைன்னா டேங்க்கைக் காலி பண்ணி, நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வைங்க. சீசன்ல மெக்கானிக் வாசல்ல நிக்க வேண்டாம்.

விக்கலாமா வேண்டாமா?

இப்ப முதல்ல கேட்ட கேள்விக்கு வர்றேன். எங்க அண்ணன் மகன்தான் எங்க இன்ஜினை விக்கச் சொன்னவன். "சித்தப்பா, தண்ணி மட்டம் இறங்கிப்போச்சு. மேல வச்சு இழுக்குற பம்பு இருபத்தஞ்சு அடிக்குக் கீழ இழுக்காது. சப்மெர்சிபிள்தான் இனிமே. இது எதுக்கு?"ன்னு கேட்டான். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை கூடத் தப்பு இல்ல. நானும் பதில் சொல்லல, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்குக் குறையாம மழை. அதுக்கு மேல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கம் பல ஊரை முழுகடிச்சது. எங்க சம்பா நடவு தூர் கட்டி நின்ன நேரம். ஆத்துத் தண்ணி வடிஞ்ச பிறகும் எங்க ரெண்டு ஏக்கர்ல ஒரு சாண் தண்ணி நின்னுச்சு, பள்ளக்கால் நிலம். வடிகால் வாய்க்கா மட்டம் வயலை விட ஒசரத்துல இருக்கு. தானா வடியாது. பயிர் ஏற்கெனவே மஞ்சளாகிக்கிட்டு இருந்துச்சு, இன்னும் சில நாள் விட்டா அழுகல்தான். சப்மெர்சிபிள் போர் அடியில இருக்கு, அதால வயல் தண்ணியைத் தூக்க முடியாது. கரண்டும் இல்ல.

ஆயில் இன்ஜினை டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போனோம். கணக்கு இதுதான்: ரெண்டு ஏக்கர், ஒரு சாண் தண்ணின்னா கிட்டத்தட்ட 18 லட்சம் லிட்டர். எங்க பம்பு அந்த மட்டத்துல மணிக்குச் சுமார் 40,000 லிட்டர் தள்ளும். 46 மணி நேரம். ரெண்டு ராத்திரி, ரெண்டு பகல். நானும் அண்ணன் மகனும் மாத்தி மாத்திக் காவல். வெள்ளத்துல கேன்ல தண்ணி கலந்திருக்கும்னு மேஸ்திரி முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தார். டீசலை ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலாக எடுத்து, துணி போட்டு வடிகட்டித்தான் ஊத்தினோம். எலிமென்ட்டுக்குத் தண்ணிதான் எமன். நடுவுல ஒரே ஒரு தடவை ஏர் லாக் ஆகி நின்னுச்சு. பைப் நட்டை லூஸ் பண்ணி, நுரை போய் சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் விட்டு, திரும்பப் பூட்டினதும் ஓடிச்சு.

46 மணி நேரத்துல அந்தப் பம்பு 20 லட்சம் தடவைக்கு மேல அளந்து கொடுத்திருக்கு. பயிர் முழுசாத் தப்பிச்சுதுன்னு சொல்ல மாட்டேன். கிழக்கால இருக்குற மூலை போச்சு. மீதி பச்சை கட்டுச்சு. தை மாசம் அறுத்தோம், கடன் அடைஞ்சுது. பக்கத்துல இன்ஜினைப் போன வருஷம் இரும்புக்குப் போட்டவர் வாடகைக்கு ஆள் தேடி அஞ்சு நாள் அலைஞ்சார். அவருக்கு வைக்கோல் கூட மிஞ்சல.

அறுப்பு முடிஞ்ச பிறகு அண்ணன் மகன் தானா மேஸ்திரி வீட்டுக்குப் போயிருக்கான். மேஸ்திரிக்கு இப்ப கை நடுங்குது, கண்ணும் மங்கல். நாசிலை டெஸ்ட் பம்புல பூட்டி அடிச்சா, கண்ணால பார்க்குறது இல்ல, காதால கேக்குறார். நல்ல நாசில்னா "கிர்ர்"னு ஒரு சத்தத்தோட பனி மாதிரி வரும், கெட்டதுன்னா சத்தமில்லாம கோடா ஒழுகும். அந்தச் சத்தத்தைக் கத்துக்கத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறான். இதுவரைக்கும் மூணு எலிமென்ட் மாத்திப் பழகியிருக்கான். கரையில போட் வச்சிருக்குற ரெண்டு பேர் இப்பவே அவனைத் தேடி வர்றாங்க.

அதனால என் பதில் இதுதான். விக்காதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் ஓட்டுங்க. டேங்க் அடியில இருக்குற போல்ட்டைக் கழட்டித் தண்ணியையும் மண்டியையும் வடிச்சு விடுங்க. ஏர் கிளீனர் வாயை ஒரு துணியால மூடி வைங்க, குளவி கூடு கட்டும். ஓட்டும்போது மறக்காம எடுத்துடுங்க. பம்புல சீல் வச்ச ஸ்க்ரூவை "இன்னும் கொஞ்சம் இழுவை வேணும்"னு யாரும் திருப்ப விடாதீங்க. இழுவை வராது, கறுப்புப் புகையும் டீசல் செலவும்தான் வரும். உங்க ஊர்ல இன்னும் ஒரு மேஸ்திரி இருந்தா, வீட்டுல ஒரு பையனையோ பொண்ணையோ அவர்கிட்ட அனுப்புங்க. இன்ஜின் வச்சிருந்து அதைக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச ஆள் இல்லாம போனா, அப்ப அது உண்மையிலேயே பழைய இரும்புதான்.

அடுத்த பதிவுல பாகூர் ஏரி மதகு பத்தி எழுதணும்னு இருக்கேன். மழை வர்றதுக்குள்ள எழுதிடுறேன்.